அட்டாலியில் (பரணில்) கிடக்கும் கம்ப்யூட்டரை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். ஈரோடு, திருப்பூர், காங்கேயம், கோபி என்று சுற்றுவட்டாரத்தில் இருந்தெல்லாம் பழைய பெட்டிகள் என் மேசைக்கு வரும். ஊர் வேறு, தொழில் வேறு என்றாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. போனில் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பத்து வருசமாச்சுங்க வாங்கி. அட்டாலில கெடக்குது. எடைக்குப் போட்டுடறதுங்களா?

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் என்ன வேலை நடக்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். பையன் பாடம் பார்க்க வேண்டுமா, பண்ணையக் கணக்கு எழுத வேண்டுமா, பட்டறை மெஷினுக்குப் புரோகிராம் அனுப்ப வேண்டுமா? வேலை தெரிந்துவிட்டால், அந்தப் பெட்டி அதற்குப் போதுமா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

பார்க்க வேண்டியது மூன்று: பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளை), ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), டிஸ்க் (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்). விண்டோஸ் பட்டனையும் பாஸ் (Pause) பட்டனையும் சேர்த்து அழுத்தினால் முதல் இரண்டும் திரையில் வந்துவிடும். 2006-ல் வந்த கோர் 2 டுயோ முதற்கொண்டு ஐ3, ஐ5 வரைக்கும் எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்கிறது. பெண்டியம் 4 என்று வந்தால் அது தனிக் கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆன் பண்ணிப்போட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்குதுங்க. மூளை தேஞ்சு போச்சுங்களா?

பிராசசர் தேயாது. 2013-ல் எவ்வளவு வேகமாக ஓடியதோ அதே வேகத்தில்தான் இன்றும் ஓடுகிறது. உங்களைக் காக்க வைப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். லேப்டாப் டிஸ்க் என்றால் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதன்மேல் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கும். ஒவ்வொரு முறை இடம் மாறவும் 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்க வேண்டும். டீ ஆறிப்போவது அதனால்தான். சில்லிலேயே சேமிக்கிற எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க்கில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. அந்தக் காத்திருப்பு நூறில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஆகவே ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுங்கள். 240 அல்லது 256 ஜிபி போதும். இரண்டாவது செலவுக்கும் வழியிருந்தால் ராமை 4-ல் இருந்து 8 ஜிபி ஆக்குங்கள். ராம் வாங்கும்போது பழைய துண்டைக் கையில் கொண்டு போங்கள். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றுக்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், ஒன்று இன்னொன்றில் உட்காராது. டிடிஆர்3-இலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. 1.35 வோல்ட் வகையின் பெயர் கடைசியில் எல் என்று ஓர் எழுத்து இருக்கும். அதை வாங்கினால் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும்.

அரை மணி நேரம் ஓடுனா கொதிக்குது, தானா ஆஃப் ஆயிடுது. போர்டு போச்சுன்னு சொல்றாங்களே?

போர்டு என்று சொல்வதற்கு முன்னால் மூடியைத் திறந்து பாருங்கள். நம் பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கு என்றே ஒரு நோய் உண்டு: பஞ்சு. திருப்பூர் பனியன் கம்பெனி, பள்ளிபாளையம் தறிக்கூடம், நூல்மில் ஆபீஸ் என்று எங்கே இருந்து வந்தாலும் ஃபேனுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் கம்பளி விரித்தது மாதிரி பஞ்சு படிந்திருக்கும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. சூடு ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், அப்புறம் அணைந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வருவதில் தேங்காய் நார்த்தூள், ஈரோட்டு மண்டியில் இருந்து வருவதில் மஞ்சள் தூள். மஞ்சள் தூள் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொள்வதால் ஊதினால் போகாது. ஃபேனைக் கழற்றி பிரஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஏர் அடிக்கும் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் வரும், அதை நேரே போர்டில் அடிக்க வேண்டாம். சுத்தம் செய்தபின் பிராசசர் மேல் காய்ந்து கிடக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதுத் தெர்மல் பேஸ்ட் ஒரு பயறு அளவுக்கு வையுங்கள். போர்டு போய்விட்டது என்று வேறிடத்தில் கைவிடப்பட்டு என்னிடம் வந்த பெட்டிகளில் பல, இதோடு எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

விண்டோஸ் 10 நின்னு போச்சாமே? இனி இந்தக் கம்ப்யூட்டர் ஓடாதுங்களா?

ஓடும். 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2026 அக்டோபர் வரை வரும். அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். நெட் இல்லாமல் வைத்திருக்கும் பெட்டிக்கு இது பெரிய விஷயமே இல்லை. பேங்க் வேலை பார்க்கிற பெட்டிக்குப் பெரிய விஷயம்.

விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 2017-ல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசசர் வேண்டும். மிகச் சிலவற்றைத் தவிர அதற்கு முந்தையவற்றை அது ஏற்காது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பெரிய அப்டேட்டில் நின்றுபோனால் யாரிடம் போய் நிற்பீர்கள்? நான் அப்படிச் செய்து கொடுப்பதில்லை. அந்தப் பெட்டிகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ்தான் என் பதில்.

லினக்ஸ்னா கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்குத்தானுங்களே? எங்கம்மாவுக்கு வருமா?

உங்கள் அம்மா என்ன செய்கிறார்? யூடியூப், வாட்ஸ்அப் வெப், பேத்தியோடு வீடியோ கால், சில சமயம் ஒரு கடிதம். இதெல்லாம் பிரவுசரில் நடக்கிற வேலை. மின்ட் என்கிற லினக்ஸ் வகையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் கீழே மூலையில் மெனு, வலது பக்கம் கடிகாரம், எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். 2 ஜிபி ராமில் ஏறும், 4 இருந்தால் நிம்மதியாக ஓடும். உண்மையைச் சொன்னால் அம்மாக்கள் இரண்டு நாளில் பழகிவிடுகிறார்கள். விண்டோஸில் ஊறிய பிள்ளைகள்தான் முனகுகிறார்கள்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல வருடமாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வருவது இங்கே நமக்கு வராதா? பயமாக இருந்தால் ஒரு பென்டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், கேமரா மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் டிஸ்க்கில் ஏற்றலாம்.

ஏற்றக் கூடாத இடமும் உண்டு. தினமும் டேலியில் கணக்கு எழுதுகிற கம்ப்யூட்டரை விண்டோஸிலேயே விடுங்கள். அதைச் சுற்றி வளைத்து லினக்ஸில் ஓட்டுவது வருடக் கடைசியில் தலைவலியாகும்.

தமிழ்ல அடிக்கலாமுங்களா?

தாராளமாக. 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகிற முறை, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் லினக்ஸில் கிடைக்கும், காசு இல்லாமல். லிப்ரே ஆபீஸின் மெனுவைக்கூடத் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

பன்னெண்டாவதுல குடுத்த அரசு லேப்டாப் பெட்டியோட இருக்குதுங்க. பேட்டரி சுத்தமா நிக்கறதில்ல.

2011-ல் தொடங்கிய திட்டம் அது. அநேகமாக நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போய்விட, லேப்டாப் மட்டும் பீரோ மேல் உட்கார்ந்திருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதை எழுப்புவதுதான். எஸ்எஸ்டி, ராம், பஞ்சு எடுப்பது என்று மேலே சொன்ன மூன்றையும் செய்து மின்ட் ஏற்றினால், தம்பி தங்கைகளுக்கு இன்னும் நாலைந்து வருடம் தாங்கும். ஆரம்பத்தில் வந்தவற்றில் பாஸ் என்கிற லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது. யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

பேட்டரி செத்திருந்தால் கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டலாம். கரண்ட் போனால் உடனே அணைந்துவிடும் என்பதால் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் சொருகுங்கள். சார்ஜர் மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். முனை பொருந்துகிறது என்பதற்காக எதையும் சொருகாதீர்கள்.

பேட்டரி உப்பிக்கிட்டு டச்பேடையே மேல தூக்குது. குத்தி காத்த விட்டா சரியாயிடுமா?

குத்தவே கூடாது. உள்ளே இருப்பது லித்தியம், தீப்பிடிக்கும். உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள், லேப்டாப்பை அணையுங்கள், பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். கழற்றியதை மணல் போட்ட மண்சட்டியிலோ இரும்பு டப்பாவிலோ வீட்டுக்கு வெளியே, வெயில் படாமல் வையுங்கள். குப்பை வண்டியில் போடாதீர்கள். அது லாரியில் நசுங்கித் தீப்பிடித்தால் போவது இன்னொருவர் கை. எங்கே கொடுப்பது என்று காயலான் கடைக் கேள்வியில் சொல்கிறேன்.

ஆன் ஆவுதுங்க, ஆனா தேதி 2009னு காட்டுது. ஒரு வெப்சைட்டும் தெறக்கல. வைரஸா?

வைரஸ் இல்லை, செல் போய்விட்டது. மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், பெயர் சிஆர்2032, 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். பாதுகாப்பான வெப்சைட்டுகள் எல்லாம் சான்றிதழின் தேதியைப் பார்த்துத்தான் திறக்கும், உங்கள் கம்ப்யூட்டர் 2009-ல் நின்றுகொண்டு 2026 சான்றிதழைப் பார்த்தால் நம்பாது. கடிகாரக் கடையில் அந்தச் செல் கிடைக்கும். பழையதை எடுத்து, எழுத்து மேலே தெரிகிற மாதிரி புதியதை வைத்து, தேதியைச் சரிசெய்தால் முடிந்தது.

நெட் இல்லாத எடத்துல புள்ளைங்க படிக்கறதுக்கு வெக்கலாமுங்களா? எங்கூரு நூலகத்துல ஒரு மேசை காலியா இருக்குது.

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு உற்சாகம் வந்துவிடும். கிவிக்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. விக்கிப்பீடியாவையே ஒரு ஃபைலாகச் சுருக்கி டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, நெட் இல்லாமல் தேடிப் படிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது, இன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. படங்கள் இல்லாத பதிப்பு சின்னதுதான், பென்டிரைவில் எடுத்துப் போய்விடலாம். கோர் 2 டுயோ பெட்டிகூட இதற்குப் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயின்ட் போடுங்கள், படம் வரைய. ஜிகாம்ப்ரி போடுங்கள், கணக்கும் எழுத்தும் விளையாட்டாக. பெரிய பிள்ளைகளுக்கு ஸ்க்ராட்ச், பைத்தான், லிப்ரே ஆபீஸ். எல்லாமே நெட் இல்லாமல் ஓடும். நெட் இல்லை என்பது அங்கே ஒரு வசதிதான். வேறு எதற்கும் போக முடியாது, பிள்ளை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தேடும்.

ஒரு விஷயம் மட்டும். பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டால் மூன்றாம் மாதம் துணி போட்டு மூடி வைத்துவிடுவார்கள். வாரத்தில் ஒரு பொழுது போய் உட்காருகிற ஆள் ஒருவர் வேண்டும். ஆள் இல்லையென்றால் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள், முதலில் ஆளைத் தேடுங்கள்.

வீட்டு போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் போட்டு வெக்கற சர்வரா மாத்தலாமுன்னு பையன் சொல்றான். கரண்ட் பில்லு எகிறுமா?

பெட்டியைப் பொறுத்தது. பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா ஓடினாலே 100 வாட் வரை இழுக்கும். 24 மணி நேரம் என்றால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு இலவசமாகத் தரும் யூனிட் கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதியை இந்தப் பெட்டியே தின்றுவிடும். அதே வேலையைப் பழைய லேப்டாப் 20 வாட்டில் செய்துவிடும். இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். ஆகவே எப்போதும் ஓட வேண்டிய வேலைக்கு லேப்டாப்பை எடுங்கள். டெஸ்க்டாப்தான் இருக்கிறது என்றால் ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டி காப்பி எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய டிஸ்க்கில் இருப்பதே ஒரே பிரதி என்று விட்டுவிடாதீர்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் என்கிற எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் போகப்போகிறது என்று அர்த்தம். கல்யாண வீடியோ இன்னொரு இடத்திலும், முடிந்தால் இன்னொரு வீட்டிலும் இருக்கட்டும்.

தோட்டத்து சாளைல கேமரா போட்டுக்கறதுக்கு ஆகுமா?

தோட்டத்து வீட்டில், வைஃபையில் வரும் ஐபி கேமரா ஒன்றிரண்டுக்கு ஆகும். ஒயர் போட்ட பழைய வகைக் கேமராவுக்குப் படத்தைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டி வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஆனால் உங்கள் பழைய மானிட்டர் டிவிஆருக்கு அருமையாகப் பொருந்தும்.

எங்க பட்டறைல லேத் மெஷினுக்கு புரோகிராம் அனுப்பற கம்ப்யூட்டர் இன்னும் டாஸ்லதான் ஓடுது. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குப்பா"ங்கறான் பையன். என்ன பண்றது?

பையனிடம் சொல்லுங்கள், அந்தப் பெட்டிக்கு இப்போதே வேலை இருக்கிறது, அதை அசைக்க வேண்டாம் என்று. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இன்னும் எத்தனையோ சிஎன்சி மெஷின்கள் (புரோகிராம்படி ஓடுபவை) ஆர்எஸ்-232 என்கிற பழைய வகைக் கேபிளில் பேசுகின்றன. அதற்குப் பின்னால் ஒன்பது ஊசி வைத்த சீரியல் போர்ட் வேண்டும். இன்றைய லேப்டாப்பில் அது கிடையாது. யுஎஸ்பி கன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். விண்டோஸ் மென்பொருளுக்குப் பெரும்பாலும் ஓடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் மென்பொருள் போர்ட்டோடு நேரடியாகப் பேசும், அங்கே கன்வெர்ட்டர் கைவிட்டுவிடும். திருப்பூர் எம்பிராய்டரி யூனிட்டுகளிலும் இதே நிலைதான். பழைய மெஷின்கள் டிசைனை 1.44 எம்பி ஃப்ளாப்பியில்தான் வாங்கும். டிசைன் மென்பொருளின் டாங்கிள் பூட்டு பிரிண்டர் போர்ட்டில் சொருகியிருக்கும். பெட்டி போனால் பல லட்ச ரூபாய் மெஷின் நிற்கும்.

எனவே செய்ய வேண்டியது அதைக் காப்பாற்றுவது. முதலில் இன்றைக்கே அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு பிரதி எடுங்கள். ஃபைல்களை மட்டும் எடுத்தால் போதாது, முழு டிஸ்க்கையும் இமேஜாக எடுக்க வேண்டும். அப்புறம் சுற்றுகிற ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை டிஸ்க்கை எடுத்துவிட்டு, சின்ன அடாப்டர் வைத்து காம்பாக்ட்ஃப்ளாஷ் என்கிற மெமரி கார்டு போடலாம். இரண்டும் ஒரே மொழி பேசுவதால் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது, பட்டறை அதிர்வும் அதைத் தொடாது. ஃப்ளாப்பி டிரைவ் இருக்கும் இடத்தில் பென்டிரைவ் சொருகுகிற எமுலேட்டர் கிடைக்கிறது, அதுவும் நல்ல வழி. நெட் கேபிள் சொருகவே வேண்டாம். இரும்புத் தூள் போகாமல் பெட்டிக்கு ஒரு கூடு அடித்து, முன்னால் மாற்றிக் கழுவுகிற ஸ்பாஞ்ச் வையுங்கள்.

வேறு யாராவது சீரியல் போர்ட், பிரிண்டர் போர்ட் இருக்கிற பழைய டெஸ்க்டாப்பை எடைக்குப் போடுவதாகக் கேள்விப்பட்டால் வாங்கி வையுங்கள், உதிரிக்கு ஆகும். எடைமேடையிலும் மண்டியிலும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். மூன்று பிரதி கார்பன் பில்லை அடித்துத் தர இங்க்ஜெட்டால் முடியாது.

டிடிபி கடை வெச்சிருந்தனுங்க. இருவது வருசத்துப் பத்திரிகை டிசைன் எல்லாம் பேஜ்மேக்கர்ல இருக்குது. புதுசுல தெறந்தா கட்டங் கட்டமா வருது.

அந்த எழுத்துகள் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறை இங்கே பரவுவதற்கு முன்னால் அடித்தவை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அர்த்தமில்லாமல்தான் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. பழைய பெட்டியில் இருந்து முதலில் எழுத்துரு ஃபோல்டரையே மொத்தமாக எடுத்து வையுங்கள். அது போனால் எல்லாம் போச்சு.

முக்கியமான டிசைன்களைப் பழைய கம்ப்யூட்டரில் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள். இனியும் திருத்த வேண்டிய வாசகங்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் வழியாக மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். நெட் இல்லாமல் அந்த எக்ஸ்பி பெட்டியை ஒரு மூலையில் வைத்திருப்பதில் தப்பே இல்லை.

32 பிட்டுன்னா ஒண்ணும் ஆகாதுங்களா?

கஷ்டம். 32 பிட் என்பது பழைய தலைமுறைப் பிராசசர், இப்போது வருவதெல்லாம் 64 பிட். உபுண்டு, மின்ட் என்கிற லினக்ஸ் வகைகளின் இன்றைய பதிப்புகள் 64 பிட்டுக்கு மட்டும்தான். இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனில் 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பும் 32 பிட்டில் புதிதாக ஏறாது. ஆன்டிஎக்ஸ் மாதிரி சிலது மிச்சம் இருக்கிறது. ஆனால் பிரவுசர்களே 32 பிட்டைக் கைவிட்டுக்கொண்டு வருகின்றன. நெட்டுக்கென்று அதை எடுக்காதீர்கள். பட்டறை, டைப்பிங் பழகுவது, மேலே சொன்ன டிடிபி வேலை, இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் போயிடுச்சு, ஆனா பார்ட்ஸ் நல்லா இருக்குது. என்னென்ன தேறும்?

ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் வெளியில் சொருகுகிற டிஸ்க். ராம் எப்போதும் யாருக்காவது வேண்டும். எல்சிடி மானிட்டரில் விஜிஏ என்கிற பழைய இணைப்பு மட்டும் இருந்தால் ஒரு கன்வெர்ட்டர் போட்டு புது லேப்டாப்போடு இரண்டாவது திரையாக வைக்கலாம். கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு பக்கம் பில், ஒரு பக்கம் டேலி என்று பெரிய வசதி. செத்த லேப்டாப்பின் திரையையும் அதற்கேற்ற கன்ட்ரோலர் போர்டு வாங்கி மானிட்டர் ஆக்கலாம். திரையின் பின்னால் இருக்கும் மாடல் எண்ணைச் சரியாகச் சொல்லி வாங்க வேண்டும்.

உள்ளே கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் பழைய குண்டு மானிட்டரையும் மட்டும் நீங்களே திறக்காதீர்கள். கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். குண்டு மானிட்டர் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட்.

ஊரு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடலாமுன்னு இருக்கறனுங்க. பத்து கம்ப்யூட்டர் இருக்குது.

நல்ல மனசு. கொடுப்பதற்கு முன்னால் தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பார்த்து என்ன தேவை என்று கேளுங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது, தொடக்கப் பள்ளிகளுக்குத்தான் தேவை அதிகம். அரசுப் பள்ளிகளுக்கு முறைப்படி உதவ 2022-ல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் தொடங்கியிருக்கிறார்கள்.

ஒருமுறை ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்களை ஒரு பள்ளிக்கு வண்டியில் ஏற்றி அனுப்பியது. பவர் கேபிள் இல்லை, பாதிக்கு டிஸ்க் இல்லை, சிலதில் ஆன் செய்ததுமே கேட்கிற பயாஸ் பாஸ்வேர்டு. ஆறு மாதம் வகுப்பறையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. பிறகு நானும் இரண்டு மாணவர்களும் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்துச் சேர்த்து நாலு பெட்டி தேற்றினோம். ஆகவே பத்து இருந்தால் பத்தையும் கொடுக்க வேண்டாம். சுத்தம் செய்து, எஸ்எஸ்டி போட்டு, கேபிளோடு ஓடுகிற ஐந்தைக் கொடுங்கள். மீதியை உதிரிக்கு வைத்திருங்கள். அடுத்த வருடம் பழுதானால் நீங்களே வந்து பார்ப்பதாக ஒரு சொல் கொடுங்கள்.

விக்கறதுக்கு முன்னால ஃபார்மேட் பண்ணிட்டனுங்க. அது போதுமல்லங்க?

போதாது. வழக்கமாகச் செய்கிற குவிக் ஃபார்மேட் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி, பக்கங்கள் அப்படியே இருக்கும். இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளை வைத்தே பான் கார்டு, ஆதார் நகல், பையர் அனுப்பிய ஆர்டர் ஷீட், சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனியின் விலைப்பட்டியல் இப்படித்தான் போட்டிக்காரர் கைக்குப் போனது.

சுற்றுகிற டிஸ்க் என்றால் என்வைப் மாதிரி ஒரு மென்பொருளில் முழு டிஸ்க்கிலும் ஒரு முறை பூஜ்யம் எழுதினால் போதும். எஸ்எஸ்டி என்றால் செக்யூர் இரேஸ் என்ற கட்டளை உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால் ரீசெட் செய்யும்போது டிரைவையும் சுத்தம் செய் என்கிற தேர்வை எடுங்கள். டிஸ்க் ஓடவே இல்லையென்றால் டிரில் மெஷினில் மூன்று ஓட்டை போடுங்கள், தட்டு வழியாக.

காயலான் கடைக்காரரு வீட்டுக்கே வந்து காசு குடுத்து எடுத்துக்கறாரு. அதுல என்னங்க தப்பு?

அந்த வியாபாரி மேல் தப்பில்லை, அவரும் பிழைக்கிறார். பெட்டி அங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் விஷயம். உள்ளே இருக்கிற செம்புக்காக ஒயரை எரிப்பார்கள், அந்த பிவிசி புகையில் டையாக்சின் என்கிற நஞ்சு வரும். தங்கத்துக்காக போர்டை ஆசிட்டில் முக்குவார்கள், அது மண்ணில் ஊற்றப்படும். குண்டு மானிட்டர் கண்ணாடியில் ஈயம், பழைய எல்சிடியின் விளக்குக் குழலில் பாதரசம். நம் கிணற்றுத் தண்ணீர் சாயத்தால் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். இன்னொன்றையும் அதில் ஊற்ற வேண்டாம்.

மின்கழிவுக்கென்றே சட்டம் இருக்கிறது. 2022-ல் திருத்தி எழுதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. தயாரித்த கம்பெனிகளே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள், உப்பிய பேட்டரியையும் அங்கேதான். ஒரு பெட்டிக்காக யாரும் வரமாட்டார்கள். தெருவில் நாலு வீடு, சங்கத்தில் பத்துக் கம்பெனி சேர்ந்து கூப்பிட்டால் வண்டி அனுப்புவார்கள்.

எங்கப்பா 2003-ல வாங்குன பெண்டியம் 4 இது. எதுக்கும் ஆகாதுன்னு எனக்கே தெரியுதுங்க. ஆனா தூக்கிப் போட மனசு வரல.

சீரியல் போர்ட் தேவைப்படுகிற பட்டறை ஒன்று கிடைக்காவிட்டால், வேலை என்று பார்த்தால் இதற்கு எதுவும் இல்லை. கரண்ட் கணக்கும் மேலே சொன்னேன். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? 2003 என்றால் டிஸ்க் அநேகமாக ஐடிஇ, அகலமான பட்டைக் கேபிளில் இருக்கும். அதை யுஎஸ்பியில் படிக்கிற அடாப்டர் என்னிடம் இருக்கிறது. போன தைக்கு ஒருவர் இப்படிக் கொண்டு வந்ததில் அவர் அப்பா எழுதிய தோட்டத்துக் கணக்கு ஆறு வருடத்துக்கு இருந்தது. கிணறு வெட்டின செலவு, மாடு வாங்கின விலை, வண்டி வாடகை, எல்லாம் எக்ஸெலில், நாள்வாரியாக. அவர் அதை அச்செடுத்து வீட்டில் வைத்திருக்கிறார்.

நீங்கள் ஆன் செய்ய வேண்டாம். ரொம்ப வருடம் சும்மா கிடந்த டிஸ்க் சுற்ற ஆரம்பித்தால் எத்தனை நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது, ஓடுகிற முதல் தடவையிலேயே பிரதி எடுத்துவிட வேண்டும். நாலு ஸ்க்ரூ கழற்றி டிஸ்க்கை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். பெட்டி அது வரைக்கும் அட்டாலியிலேயே இருக்கட்டும்.